செரமைட் மாதிரி ஒன்று

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் கணவரின் தங்கை. நான் அவளை மச்சி என்பேன், அவள் என்னை மதினி என்பாள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மிஸ். அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சேர், அவருடைய மேலதிகாரி. வாசலில் காவலாளி. மேசைமேல் இருந்த விரலடையாள இயந்திரத்தையும் சேர்த்தால் ஆறு. சேர்க்கத்தான் வேண்டும். அன்று முடிவெடுத்தது அது ஒன்றுதான். மற்ற ஐந்து பேரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொழும்பில், ஒரு வளைகுடா நாட்டு விசாவுக்காக விரலடையாளம் எடுக்கும் இடம் அது. என் மகள் அந்த நாட்டில் புருஷனோடு இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். பிறக்கப் பத்துக் கிழமை, எழுபது நாள், இருந்தது. அங்கே அவளுக்குத் துணையென்று ஒரு பெண் இல்லை. மருமகன் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அவர் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து, கடிதங்கள் எடுத்து, படிவங்கள் நிரப்பி, எல்லாம் செய்து முடித்துவிட்டார். என் பக்கத்திலிருந்து கேட்கப்பட்டது பத்து விரல்கள் மட்டும். பத்தும் என்னிடம் இருக்கின்றன என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

மிஸ் நல்லவர். சிங்களம் கலந்த தமிழில், "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அம்மா" என்றார். அழுத்தினேன். கண்ணாடிக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னார். பெருவிரலில் இருந்த வெடிப்பு பிளந்து கண்ணாடியில் ஒரு சொட்டு இரத்தம் வைத்தது. இயந்திரம் அதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் பத்து விரலில் மூன்றுதான் தேறின. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, அதற்குப் பிறகு கிடைத்த முதல் பரீட்சை முடிவு அது.

சேர் குனிந்து என் கையைப் பார்த்தார். "என்ன வேலை செய்றது?"

"கருவாட்டு வாடி, சேர். கற்பிட்டிப் பக்கம்."

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். வேலையைச் சொன்னதும் சிலருக்கு மணம் வரத் தொடங்கும். "கைய நல்லாக்கிக்கொண்டு வாங்க. ஆறு கிழமை டைம் இரிக்கி. அதுக்குள்ள வரல்லண்டா எல்லாம் முதல்ல இருந்து செய்யணும்."

முதலில் இருந்து என்றால் இன்னும் இரண்டு மாதம். பிள்ளை அதுவரை காத்திருக்குமா என்று நான் சேரிடம் கேட்கவில்லை. அவருடைய திணைக்களம் அதுவல்ல.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேற்றியதிலிருந்து எத்தனையோ பேர் வந்து எங்களை எண்ணியிருக்கிறார்கள். அரிசிக்காக எண்ணினார்கள், வாக்குக்காக எண்ணினார்கள், யுத்தம் முடிந்த பிறகு திரும்பிப் போவீர்களா மாட்டீர்களா என்று கேட்டு எண்ணினார்கள். பெயரைக் கேட்டு, தலையைப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவரும் விரலில் கோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே கவனமாக இருந்திருப்பேன்.

பஸ்ஸில் புத்தளம் வரும்வரை நான் கவலைப்பட்டேன். கவலைப்படுவது எனக்குத் தெரிந்த இரண்டாவது தொழில். அதற்குச் சம்பளம் இல்லை, விடுமுறையும் இல்லை. பிள்ளை முன்கூட்டியே பிறந்துவிடுமோ. கோடு இல்லாதவள் என்று என் பெயரை எங்கேயாவது குறித்து வைத்திருப்பார்களோ. மறுமையில் விரல்களும் சாட்சி சொல்லும் என்று ஓதித் தந்திருக்கிறார்களே, என் விரல்களை அங்கேயும் அடையாளம் தெரியாமல் போகுமோ. அஸ்தஃபிருல்லாஹ் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, களவெடுக்கிறண்டா இதுதான் நல்ல காலம். ஒரு அடையாளமும் நிக்காது."

"சும்மா இருங்க மச்சி."

"பொலிசுக்கு ஒண்டும் கிடைக்காது. நாயக் கொண்டு வந்தாத்தான் உங்களப் பிடிக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். "நாய் எண்டா உடனே பிடிச்சிரும். கட்டாக் கருவாட்டு மணம்."

முன் இருக்கையில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். நான் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கைகள் அப்படி ஆனது ஒரு நாளில் அல்ல. வாடியில் மீனைப் பிளந்து, குடலெடுத்து, கடல் தண்ணீரில் அலசி, உப்பை அள்ளித் தேய்ப்போம். பதினெட்டு வருடமாக என் இரண்டு கையும் உப்புக்குள் இருக்கின்றன. மீனுக்கு உப்புப் போட்டால் தண்ணீர் வெளியேறிக் காய்ந்து போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் சம்பளம் தருகிறார்கள். உப்பு போடுகிற கையும் அப்படித்தான் காயும் என்று ஒரு தரமாவது நினைத்தேனா என்றால், இல்லை. மீனுக்காவது மூன்று நாள் வெயில் போதும்.

வேலை முடிந்ததும் மணம் போக உடுப்புக் கழுவும் தூளைப் போட்டுக் கையைத் தேய்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது. அதற்குப் பிறகு கிருமி நீக்கும் திரவம் ஒரு மூடி. கொரோனாக் காலத்தில் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போதும் நிறுத்து என்று ஒருவரும் பிறகு வந்து சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்கிற ஆள். இன்னும் கழுவிக்கொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த மறுநாள் முதல் எங்கள் வீதியே வைத்தியசாலை ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்க்கச் சொன்னாள். உப்பினால் வந்ததை உப்பினால் எடுப்பது என்ன கணக்கோ, தேய்த்தேன். கண்ணில் பொறி பறந்தது. இன்னொருத்தி, முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றைத் தந்தாள். கையின் கோடுகள் திரும்பி வருமோ இல்லையோ, கை வெள்ளையாக இருந்தால் அந்தச் சேர் இரக்கப்படக் கூடும் என்று நினைத்தாளோ என்னவோ. அது பூசிய இடம் எல்லாம் எரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலையிலிருந்து வரிசையில் நின்றேன். டொக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "வேலைய விடுங்க, சரியாகும்" என்றார். மிகச் சரியான வைத்தியம். வேலையை விட்டால் கை சரியாகிவிடும். கையைத் தவிர மற்ற எல்லாம் பழுதாகும். அவரும் ஒரு துண்டில் ஏதோ கிரீமின் பெயரை எழுதித்தான் தந்தார். துண்டை எடுத்துக்கொண்டு மச்சியோடு பாமசிக்குப் போனேன்.

கற்பிட்டி வீதியில் அந்தப் பாமசியை நடத்துவது ஒரு பெண். கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல், கடன் கொப்பியை மட்டும் தடித்ததாக வைத்திருப்பவர். என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்காகவே இன்றுவரை அந்தக் கடையைத் தவிர வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை, கடன் இருப்பது வேறு விஷயம்.

"இது அழுக்கு இல்ல. கிருமியும் இல்ல," என்றார். "தோல்ட மதில் உடைஞ்சிரிக்கி."

"மதிலா?"

"மேல்தோல் எண்டது கல்லடுக்கி வெச்ச மதில் மாதிரி. கல்லுக்கு நடுவுல சாந்து இரிக்கும்தானே. தோல்ல அந்தச் சாந்து கொழுப்பு. செரமைட் எண்டு ஒரு கொழுப்பு, அதுதான் பெரும் பங்கு. உப்பும் சவர்க்காரத் தூளும் தினம் தினம் அந்தச் சாந்தக் கரைச்சி எடுத்திட்டு. இப்ப உள்ளுக்க இரிக்கிற ஈரம் வெளிய போகுது, வெளிய இரிக்கிற உப்பு உள்ளுக்க போகுது. அதான் வெடிக்குது, எரியுது."

எனக்கு மதிலைவிடக் கிடுகு நன்றாக விளங்கும். அகதி முகாமில் பத்து வருடம் கிடுகுக்குள் இருந்தவள். ஓலை நன்றாகத்தான் இருக்கும். கட்டிய கயிறு இற்றுப்போனால் ஓலை எல்லாம் இருந்தும் மழை உள்ளே வரும். என் கையில் ஓலை இருக்கிறது, கயிறு இல்லை. இதைச் சொன்னதும் அவர், "ஓம், அப்பிடியும் சொல்லலாம்" என்றார். ஆனால் மதிலை விட்டுக்கொடுக்க அவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது.

"அந்த விரல் கோடு போயிட்டா?" என்று மச்சி கேட்டாள். நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"போகாது. கோடு ஆழத்துல இருந்து வாறது. மேல காஞ்சி வெடிச்சி, செதில் செதிலா நிண்டா மெஷினுக்குத் தெரியாது. தோல் ஆறினாக் கோடும் தெரியும்." பிறகு அவர் ஒரு டியூபை எடுத்து வைத்தார். செரமைட் சேர்த்த கிரீம். வாசனை இல்லாதது. வெளிநாட்டுச் சரக்கு. "ஆறாயிரத்து இருநூறு."

நான் டியூபைத் திருப்பி வைத்தேன். டொலர் இல்லை என்று நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்து கொஞ்ச நாள்தான். அந்த டியூபின் விலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு கிழமைக்கு அரிசியும் பருப்பும் வாங்கலாம். இரண்டு கிழமைச் சாப்பாட்டை எடுத்துக் கையில் பூசச் சொல்கிறார்கள்.

"மகளுக்குப் பிள்ள பொறக்கப் போகுது," என்று மச்சி அவரிடம் சொன்னாள். "இவவுக்கு விரல் ஓணும்."

இரண்டாயிரம் கொடுத்தேன். மிச்சம் கொப்பிக்குள் போனது.

இனி என் அறிவுக்குச் சாட்சியான பகுதி.

அன்று அஸர் தொழுகைக்கு முன்னால் கிரீமைப் பூசினேன். கை குளிர்ந்தது. பிறகு வுளூச் செய்யப் பைப்பைத் திறந்தேன். புறங்கையில் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு கீழே ஓடியது. தோலில் ஒட்டவே இல்லை. தொழுகைக்கு முன் செய்கிற சுத்தம் வுளூ. தண்ணீர் தோலில் படாவிட்டால் அது கூடாது, செல்லாது. நகப் பூச்சோடு வுளூக் கூடாது என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். பாமசிக்காரியே தன் வாயால் மதில் என்று சொன்னார். மதில் கட்டினால் தண்ணீர் எப்படி உள்ளே வரும்? வுளூ இல்லை என்றால் தொழுகை இல்லை. தொழுகை இல்லாமல் ஆறு கிழமை இருந்துவிட்டு, அந்தக் கையால் பேரப்பிள்ளையைத் தூக்குவதா?

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டுக் கூடாது என்று சொல்லிவிட்டால் கிரீமும் போச்சு, விசாவும் போச்சு. கேட்காவிட்டால் அது கூடுமா கூடாதா என்பது எனக்கும் தெரியாது, ஆகவே கூடாது என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இந்த மாதிரி யோசனை எனக்கு இயல்பாக வரும், படிக்கத் தேவையில்லை.

ஆகவே வழி கண்டுபிடித்தேன். தொழுது முடித்ததும் கிரீம் பூசுவது. அடுத்த பாங்கு சொன்னதும் சவர்க்காரம் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, கிரீமை முழுதாக எடுத்துவிட்டு வுளூச் செய்வது. ஒரு நாளைக்கு ஐந்து தரம். சாந்து பூசுவது, சாந்தைச் சுரண்டுவது, பூசுவது, சுரண்டுவது. பதினொரு நாள் இப்படிச் செய்தேன். வாடியில் மீனுக்குக் கூட நான் இவ்வளவு கடுமை காட்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் ளுஹர் தொழுகை நேரத்தில் மச்சி வீட்டுக்கு வந்தபோது நான் கிணற்றடியில் பொச்சும் கையுமாக இருந்தேன். நடுவிரலிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது.

"என்ன மதினி செய்யிறீங்க?"

"வுளூ எடுக்கப் போறன்."

"பொச்சாலயா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் சிரிக்கவில்லை. டியூபை எடுத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் போயிருந்தது.

"அப்ப, ஆறாயிரத்து இருநூறுல மூவாயிரம் ரூபா கிணத்தடில வாழைக்குப் போயிரிக்கி," என்றாள். "அந்த வாழைட தோல் நல்லாத்தான் இரிக்கி. விசாவுக்கு அத அனுப்புவோமா?"

"விளையாடாதீங்க மச்சி. தண்ணி ஒட்டுதில்ல."

"ஆரிட்டக் கேட்டீங்க?"

"ஒருத்தரிட்டையும் கேக்கல்ல."

"அதானே. கேட்டாக் கவலப்பட ஒண்டும் இரிக்காதே, பிறகு எப்பிடிப் பொழுது போறது." அவள் அப்போதே கைபேசியை எடுத்து, பெண்கள் மத்ரசாவில் ஓதிக் கொடுக்கிற ஆலிமாவை அழைத்தாள். அவளுடன் படித்தவர். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டாள்.

ஆலிமா பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "நகப் பூச்சு மாதிரி, பெயின்ட் மாதிரி, ஒரு படையா ஒட்டி நிண்டாத்தான் தடுக்கும்" என்றார். "நீங்க பூசுற கிரீம் அப்பிடி உரிச்செடுக்க ஏலுமா?"

"ஏலாது. ஊறிப் போயிரும். கொஞ்சம் பிசுபிசுப்பு நிக்கும்."

"அது எண்ணெய்ப் பசை. எண்ணெய் தேச்ச தோல்ல தண்ணி முத்தா ஓடும், அதால குத்தமில்ல. தண்ணி தோலுக்கு மேலால ஓடினாச் சரி. கட்டியா அப்பியிருந்தா மட்டும் தடவி விட்டுக்கொள்ளுங்க. சவர்க்காரம் போடச் சொல்லி ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

"அப்ப?"

"பயத்துல."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். "மார்க்கம் இலேசு. நீங்கதான் அதப் பொச்சால தேய்க்கிறீங்க," என்றார்.

போனை வைத்ததும் மச்சி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். கிழமைக் கணக்குத்தான் போட்டேன். நான்குதான் மிச்சம்.

மறுநாள் பாமசிக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். சொன்னது மச்சி, நான் மருந்துப் பெட்டிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பாமசிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மதில் எண்டு சொன்னது என்ட பிழைதான்," என்றார். "கிரீம் தோலுக்கு மேல நிண்டு காவல் காக்கிறதுக்கு இல்ல. அதுல இரிக்கிற செரமைட் உள்ளுக்க போய், கல்லுக்கு நடுவுல சாந்து போன இடத்த நிரப்புறது. அத நீங்க சவர்க்காரத்தால கழுவினா, கிரீமோட சேத்து மிச்சம் இருந்த உங்கட சொந்தச் சாந்தும் போகும்."

"அப்ப எப்பதான் பூசுறது?"

"கை கழுவி, ஒத்தி எடுத்து, ஈரம் முழுசாக் காயுறதுக்கு முந்திப் பூசணும். அப்பதான் அந்த ஈரத்தயும் உள்ளுக்க பிடிச்சி வெக்கும்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "வுளூ எடுத்து முடிஞ்ச கையோட."

ஒரு நாளைக்கு ஐந்து தரம், வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு. இதைவிடப் பொருத்தமான கால அட்டவணையை எந்த டொக்டரும் எழுதித் தர மாட்டார். கையிலே இருந்த மருந்தை நான் பதினொரு நாள் பொச்சால் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டியூப் ஒரு கிழமையில் முடிந்தது. திரும்பப் போனபோது அந்த வெளிநாட்டுச் சரக்கு இல்லை. எப்போது வரும் என்று கேட்டால் கப்பலைக் கேட்கச் சொன்னார். அவர் எடுத்துத் தந்தது வேறொன்று, விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

"இதுல இரிக்கிறது செரமைட் இல்ல. செரமைட் மாதிரி ஒண்டு. செஞ்செடுத்தது."

"மாதிரியா?"

என் குரல் மாறியிருக்க வேண்டும். மச்சி என்னைப் பார்த்தாள்.

மாதிரி என்ற சொல்லோடு எனக்கு நீண்ட பழக்கம். முகாமில் எங்களுக்குத் தந்தது வீடு மாதிரி ஒன்று: நாலு கம்பு, கிடுகு, தரைக்கு மணல். பள்ளிக்கூடம் மாதிரி ஒன்றும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் படித்து முடித்து வீட்டுக்குப் போன பிறகு, பின்னேரத்தில், அவர்களுடைய கதிரைகளில் எங்களை உட்கார வைப்பார்கள். படிப்பிக்கிறவர் மாதிரி ஒருவர் வருவார், சில நாள் வரமாட்டார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு, படிப்பு மாதிரி இருந்ததை நானும் முடித்துக்கொண்டேன். தற்காலிகம் என்று சொன்னது நிரந்தரம் மாதிரி ஆகி, இப்போது எத்தாளைப் பக்கம் கல்வீடு கட்டி இருக்கிறோம். இன்னும் கேட்கிறார்கள், சொந்த ஊர் எது என்று. ஆகவே மாதிரிச் சாமானை அவசரத்தில் கையில் பூச எனக்குத் தயக்கம் இருந்தது.

"மாதிரி எண்டா ஏமாத்து எண்டு இல்ல," என்றார் பாமசிக்காரி. "தோலுக்கு லேபல் வாசிக்கத் தெரியாது. அந்த இடைவெளிக்குள்ள போய் அடுக்கி நிண்டு, ஈரத்தப் பிடிச்சா அதுக்குப் போதும். பேருக்கு மட்டும் ஒரு துளி போட்டு விக்கிறதும் இரிக்கி, அத நான் தரமாட்டன். இதுல கொலஸ்ட்ரோலும் சேத்திரிக்கி, அதால இன்னும் நல்லம்."

"அல்லாஹ்வே. எனக்கு ஏற்கெனவே கொலஸ்ட்ரோல் கூட எண்டு கிளினிக்ல சொன்னாங்க."

"அது இரத்தத்துல. இது பூசுறது."

"கைவழியா ஏறாதா?"

"ஏறாது."

"நிச்சயமா?"

"மதினி," என்றாள் மச்சி, "வாடில நீங்க பதினெட்டு வருசம் மீனத் தொடுறீங்க. செதில் மொளச்சிச்சா?"

வாங்கினேன். முழுவதும் கொப்பியில். பழைய நாலாயிரத்து இருநூறும் சேர்ந்து ஏழாயிரம்.

அவர் சொல்லித் தந்த மற்றதையும் செய்தேன். தூளையும் கிருமித் திரவத்தையும் நிறுத்தினேன். உள்ளே பருத்திக் கையுறை, வெளியே இறப்பர்க் கையுறை. இறப்பர் மட்டும் போட்டால் வியர்வையில் தோல் ஊறி இன்னும் கெடுமாம். வாடியில் என்னைக் கண்டதும் "டொக்டர் வந்திட்டா, முதல்ல எந்த மீனுக்கு ஒப்பரேசன்" என்று கேட்டார்கள். கையுறையோடு கத்தி வழுக்கியது. மற்றவர்கள் மூன்று கூடை வெட்டும் நேரத்தில் நான் இரண்டு வெட்டினேன்; முதலாளி இரண்டுக்குத்தான் காசு தந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை பழையபடி காலியாக வந்தது. வசதியாகக் கால் நீட்டி வந்தேன்.

நான்காம் கிழமை எரிச்சல் நின்றது. ஐந்தாம் கிழமை வெடிப்புகள் மூடின. மகள் ஒவ்வொரு நாளும் வீடியோவில் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், "உம்மா, விரலக் காட்டுங்க" என்பாள். நான் ஒவ்வொரு விரலாகக் கமராவுக்கு முன்னால் பிடிப்பேன். அவள் வயிற்றைக் காட்டுவாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள், "உம்மா, சுட்டு விரல்ல கோடு தெரியுது" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். மெல்லிய வட்டங்கள். இத்தனை காலம் என்னிடம் இருந்தவை. நான் அவற்றை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆறாம் கிழமை முடிய இரண்டு நாள் இருக்க, மறுபடி கொழும்பு. அதே மிஸ், அதே காவலாளி. சேர் அன்று லீவு. இயந்திரத்துக்கு லீவு இல்லை. மிஸ் கண்ணாடியைத் துடைத்தார். முதல் விரலுக்குப் பச்சை விளக்கு. இரண்டாவதுக்கும் பச்சை. ஏழாவது வரை பச்சையாக வந்தது. எட்டாவது, இடது கை மோதிர விரல், சிவப்பு. மச்சி என் தோளைப் பிடித்தாள். மறுபடி வைத்தேன், சிவப்பு. மூன்றாம் தரம் வைக்கும் முன்னே என் கைப்பையிலிருந்து டியூபை எடுத்து, அந்த விரலில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்து, நன்றாகத் துடைத்தேன். மிஸ் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தேன். விளக்கு கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சையானது.

"என்ன கிரீம் அது?" என்று மிஸ் கேட்டார்.

"செரமைட் மாதிரி ஒண்டு," என்றேன்.

விசா வந்தது. பயணத்துக்கு முன்னால் பாமசியில் நாலாயிரத்து ஐநூறு கொடுத்தேன். நான் போய் இறங்கி ஒன்பதாம் நாள் பேத்தி பிறந்தாள். முதலில் என் கையில்தான் தந்தார்கள். அவளுடைய தோலை என் விரல்கள் கீறிவிடுமோ என்று பயந்து, புறங்கையால் ஏந்தினேன். மகள் படுக்கையிலிருந்து, "உம்மா, நல்லாப் பிடிங்க, ஒண்டும் ஆகாது" என்றாள். பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அங்கே இருந்த மூன்று மாதமும் மீன் இல்லை, உப்பு இல்லை. கை பூப்போல ஆனது. வேலையை விடுங்க என்று சொன்ன டொக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அவருக்கு மூன்று மாதச் சம்பளம் எழுதித் தரத் தெரியவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்து வாடிக்குப் போன இரண்டாம் கிழமையே விரல் நுனியில் பழைய இழுப்பு. கையுறை இருக்கிறது, ஐந்து நேர ஈரமும் இருக்கிறது. ஆனால் டியூப் தீர்ந்துவிட்டது.

பாமசிக்காரி என் கையைப் பிடித்துப் பார்த்தார். பேத்தியின் படத்தையும் பார்த்தார். பிறகு இன்னொரு டியூபை எடுத்து வைத்து, கொப்பியைத் திறந்தார். முன்னைய மிச்சம் இரண்டாயிரத்து ஐநூறு, இது இரண்டாயிரத்து எண்ணூறு. கடன் மாதிரி ஒன்று என்று எழுதுவாரா என்று எட்டிப் பார்த்தேன். கடன் என்றே எழுதினார்: ஐயாயிரத்து முந்நூறு ரூபா.